காற்று அடுத்து எங்கே திரும்பும்? – நிலாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நிலா,

நீயும் மாப்பிள்ளையும் ஒருவழியாகப் படகை வாங்கிவிட்டீர்கள் என்று அறிந்து எனக்கும் உன் சித்தப்பாவுக்கும் மிகுந்த மகிழ்ச்சி. உன் கடிதத்தின் முடிவில், "உங்கள் படகு நங்கூரத்தில் நிற்கும்போது எத்தனை நாட் காற்றுவரை தாங்கும், சித்தி?" என்று கேட்டிருந்தாய் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல் வேகம்). இரண்டு நாள்களாக அந்தக் கேள்வியை மனத்தில் உருட்டிப் பார்த்தேன். பதிலாக ஓர் எண்ணை எழுதி அனுப்பிவிடலாம். ஆனால் அந்த எண்ணை நம்பி நீங்கள் ஒரு தவறான இடத்தில் நங்கூரம் இறக்கிவிடுவீர்களோ என்ற அச்சத்தால், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இந்தப் பதினொரு மீட்டர் படகில் நாங்கள் இருவரும் ஒன்பது ஆண்டுகளாகப் போய்வருகிறோம். இத்தனை ஆண்டுகளில் நாங்கள் தூக்கம் தொலைத்த இரவுகளை எண்ணிப் பார்த்தால், காற்று மிகப் பலமாக வீசிய இரவுகள் அவற்றில் குறைவு. மாலையில் ஒரு பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த காற்று நள்ளிரவில் வேறு பக்கத்துக்குத் திரும்பிய இரவுகளே அதிகம். மலைச்சரிவின் மறைவில் நிற்கும் படகின் மீது 30 நாட் காற்று வீசினால், பாய்மரத்தின் கயிறுகள் ஊளையிடும், படகு அங்குமிங்கும் அலையும், ஆனால் தண்ணீர் ஏறக்குறையத் தட்டையாகவே கிடக்கும். அதே படகை, திறந்த கடலின் பக்கத்திலிருந்து அதில் பாதி வேகத்தில் வரும் காற்று தாக்கினால், பல மைல் தூரம் தடையின்றி ஓடிவந்த அலைகள் படகின் முன்முனையான அணியத்தைத் தூக்கித் தூக்கிப் போட, ஒவ்வொரு தூக்கலுக்கும் சங்கிலி வெடுக்கென்று இழுபடும். நங்கூரத்தை மண்ணிலிருந்து பிடுங்குவது பெரும்பாலும் அந்த வெடுக்கென்ற இழுப்புதான்.

இதை நாங்கள் கற்றுக்கொண்டது எங்கள் இரண்டாம் ஆண்டில். தென்மேற்கே உயர்ந்த குன்று, வடமேற்கே திறந்த வாய், அடியில் நல்ல மணல் என்று வரைபடத்தில் அழகாகத் தெரிந்த ஒரு சிறு விரிகுடாவில் மாலையில் நுழைந்தோம். தென்மேற்கிலிருந்து 12 நாட் காற்று வந்துகொண்டிருந்தது, விரிகுடாவுக்குள் இலைகூட அசையவில்லை. வானிலை அறிக்கையை நானும் படித்தேன், உன் சித்தப்பாவும் படித்தார். "இரவில் 25 நாட் வரை, நள்ளிரவுக்குப் பின் வடமேற்காகத் திரும்பும்" என்றிருந்தது. இருவர் கண்ணிலும் பட்டது 25 என்ற எண் மட்டுமே. "நம் சங்கிலிக்கு 25 ஒரு பொருட்டா?" என்று அவர் சொன்னார். நானும் தலையாட்டினேன். வாக்கியத்தின் பின்பாதியை இருவருமே படித்தோம், இருவருமே யோசிக்கவில்லை.

வட அரைக்கோளத்தில் குளிர்முகம் ஒன்று, அதாவது முன்னேறிவரும் குளிர்காற்றுத் திரளின் விளிம்பு, கடந்துபோகும்போது தென்மேற்குக் காற்று வலஞ்சுழியாக வடமேற்குக்குத் திரும்புவது பாடப்புத்தகத்தில் உள்ள செய்தி. தென் அரைக்கோளத்தில் வடமேற்குக் காற்று இடஞ்சுழியாகத் தென்மேற்குக்குத் திரும்பும். அதற்கு முன் காற்றழுத்தத்தைக் காட்டும் பாரமானி இறங்கும், முகம் கடந்ததும் சட்டென்று ஏறும். அன்று மாலை நான்கு மணிக்கு 1011 ஹெக்டோபாஸ்கல் காட்டிய எங்கள் பாரமானி, இரவு பத்து மணிக்கு 1004-க்கு வந்திருந்தது. அதையும் நாங்கள் ஒழுங்காகப் பதிவேட்டில் குறித்துவிட்டுத்தான் படுத்தோம். குறிப்பதையே வேலையாக நினைத்துவிட்டோம் என்று இப்போது தோன்றுகிறது.

ஒன்றரை மணிக்கு மழை ஓய்ந்தது, காற்றும் நின்றது. நான் விழித்துக்கொண்டது சத்தத்தால் அல்ல, அது திடீரென்று நின்றுபோனதால். வெளியே எட்டிப் பார்த்தபோது, இடப்பக்கம் இருந்த இன்னொரு படகின் வெள்ளை நங்கூர விளக்கு இப்போது வலப்பக்கம் தெரிந்தது. நாங்கள் சுற்றிவிட்டிருந்தோம். அடுத்த சில நிமிடங்களில் வடமேற்கிலிருந்து குளிர்ந்த காற்று வந்து அறைந்தது, அதன் பின்னாலேயே அலைகளும் வரத் தொடங்கின.

கணக்கைக் கேள். நங்கூரம் கரைப்பாறைகளிலிருந்து 75 மீட்டர் தள்ளிக் கிடந்தது. நாங்கள் விட்டிருந்தது 36 மீட்டர் சங்கிலி. படகின் நீளத்தையும் சேர்த்தால் எங்கள் வட்டத்தின் ஆரம் 45 மீட்டருக்கு மேல். மாலையில் அந்த 45 மீட்டரும் அந்தப் பாறைகளின் பக்கம் நீளாததால், பாறை வெகுதூரத்தில் இருப்பதாகத் தெரிந்தது. காற்று வடமேற்குக்குத் திரும்பியதும் அதே 45 மீட்டர் பாறைகளின் பக்கம் வந்துவிட, படகின் பின்பக்கத்துக்கும் பாறைக்கும் இடையே மிஞ்சியது ஏறத்தாழ 30 மீட்டர்தான். ஆழமானியில் இரண்டரை மீட்டர். எங்கள் படகின் அடிக்கட்டை தண்ணீருக்குள் 1.8 மீட்டர் இறங்கியிருக்கும். அலையின் பள்ளத்தில் படகு இறங்கும்போதெல்லாம் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு தட்டும் ஓசைக்காகக் காத்திருந்தேன். இத்தனைக்கும் நங்கூரம் ஓர் அடிகூட நகரவில்லை. அது தன் வேலையைச் செவ்வனே செய்துகொண்டிருந்தது, இடத்தைத் தேர்ந்தெடுத்த நாங்கள்தான் செய்யவில்லை.

கிளம்புவது என்று முடிவெடுத்தோம். இங்கே உனக்கு ஒரு பழைய சண்டையைச் சொல்ல வேண்டும். முதல் ஆண்டு முழுவதும் உன் சித்தப்பா சுக்கானில் நின்று கத்துவார், நான் அணியத்தில் நின்று திரும்பக் கத்துவேன், காற்று இரண்டையும் தின்றுவிடும், மாலையில் இருவரும் பேசாமல் சோறு தின்போம். பிறகு இரண்டு மாற்றங்களைச் செய்தோம். கனமான வேலை அணியத்தில் என்பதால் அவர் அங்கே போனார், நான் சுக்கானுக்கு வந்தேன். பேச்சை அறவே நிறுத்திவிட்டுக் கைச்சைகைகளை வகுத்துக்கொண்டோம்: நீட்டிய கை சங்கிலி கிடக்கும் திசை, விரித்த உள்ளங்கை இயந்திரத்தின் கியரை விலக்கு, மூடிய முட்டி அப்படியே நில். இருட்டில் கைக்குப் பதிலாக டார்ச் விளக்கு. அன்றிரவு எங்களைக் காப்பாற்றியது இந்த ஏற்பாடுதான். அவர் சங்கிலி போகும் திசையில் ஒளியைப் பாய்ச்ச, நான் அந்த ஒளிக்கோட்டின் மேல் படகை மெல்ல முன்னே செலுத்தினேன். சங்கிலி தொய்ந்த கணங்களில் மட்டும் அவர் அதைச் சுருட்டும் பொறியான வின்ச்சை இயக்கினார். படகின் முழு இழுப்பையும் வின்ச்சின் மீது சுமத்தினால் அது எரிந்துபோகும், அல்லது தளத்திலிருந்து பெயர்ந்துவிடும். முன்னே இழுத்துச் செல்வது இயந்திரத்தின் பொறுப்பு, வின்ச் தொய்வைச் சுருட்டினால் போதும். நாற்பது நிமிடம் ஆயிற்று. ஒருவர்மேல் ஒருவர் குரல் உயர்த்தவில்லை என்பதை இன்றும் கொஞ்சம் பெருமையாகவே நினைவுகூர்கிறேன்.

வெளியே போனதும் பெரிய பாயை மூன்றாம் மடிப்புவரை சுருக்கிக் கட்டிக்கொண்டு விடியும்வரை கரையை விட்டு விலகி ஓடினோம். அந்த விரிகுடாவுக்குள் எங்களைக் குலைநடுங்க வைத்த அதே காற்று, ஆழ்கடலில் வெறும் ஈரமான, சலிப்பூட்டும் இரவாக மாறிவிட்டது. படகுக்குத் தண்ணீர் பகை அன்று, கரைதான் பகை என்பதை நம்புவதற்குப் புதியவர்களுக்கு நெடுநாள் ஆகும். எங்களுக்கும் ஆயிற்று.

காற்றின் வேகம் பொருட்டே இல்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. அதையும் சரியாகப் படிக்க வேண்டும். அறிக்கையில் வரும் எண் சராசரி. வீச்சுகள் அதைவிட 40 சதவீதம் வரை பலமாக இருக்கலாம் என்று ஆஸ்திரேலிய வானிலைத் துறை தன் கடல் அறிக்கைகளில் எச்சரிக்கிறது. காற்றின் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், 25 நாட் சராசரியில் 35 நாட் வீச்சு வந்தால் சங்கிலியின் மீதான இழுப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடும். ஆகவே எண்ணைப் பார்க்கும்போதே அந்த இழுப்பை மனத்துக்குள் இரட்டித்துக்கொள்வது என் வழக்கம்.

சங்கிலியின் நீளத்திலும் புதியவர்கள் தவறுவது அநேகமாக ஒரே இடத்தில்தான். ஆழத்தைப்போல் ஐந்து மடங்கு என்று கேள்விப்பட்டு, ஆழமானி 4 மீட்டர் காட்டினால் 20 மீட்டர் விட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள். கடல் ஏற்றத்தில் இன்னும் 2 மீட்டர் உயரும் என்பதையும், சங்கிலி தொடங்கும் அணியத்தின் உருளை நீர்மட்டத்திலிருந்து 1.2 மீட்டர் மேலே இருப்பதையும் கூட்டினால் மொத்தம் 7.2 மீட்டர். ஐந்து மடங்கு என்பது 36 மீட்டர். 20 மீட்டர் என்பது ஏற்றத்தின்போது மூன்று மடங்குகூட இல்லை. மென்காற்றில் சங்கிலியின் எடையே அதைத் தரையோடு தாழ்த்தி வைத்துக்கொள்ளும். பலத்த காற்றில் சங்கிலி கம்பிபோல விறைத்துவிடும், அப்போது அதிர்வை வாங்கிக்கொள்வது, கொக்கி மாட்டி அதனோடு இணைக்கும் பத்து மீட்டர் நைலான் கயிறு ஒன்றுதான். அந்தக் கயிற்றுக்குக் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

திசை மாற்றம் நங்கூரத்தையே நேரடியாகச் சோதிப்பதும் உண்டு. ஒரு பிற்பகலில் இடிமேகம் ஒன்று எங்கள் மேல் வந்தது. மேகத்திலிருந்து கீழே கொட்டிய குளிர்ந்த காற்று, அதுவரை வீசியதற்கு நேர் எதிராக, ஐந்து நிமிடத்துக்குள் 10 நாட்டிலிருந்து 40-ஐத் தொட்டது. அப்போது எங்களிடம் இருந்தது கலப்பை வடிவப் பழைய சிக்யூஆர் நங்கூரம். எதிர்த்திசை இழுப்பில் அது மண்ணிலிருந்து வெளியே வந்து, 60 மீட்டர் உழுதுகொண்டே போய், பிறகு மீண்டும் கடித்தது. பின்னால் இடம் இருந்ததால் தப்பினோம். அடுத்த ஆண்டே, தலைகீழாக விழுந்தாலும் புரண்டு தானாகக் குத்திக்கொள்ளும் புதுவகை நங்கூரத்துக்கு மாறிவிட்டோம். ஆனால் பழையதை இகழ எனக்கு மனம் வரவில்லை. அதை 1933-இல் வடிவமைத்தவர் ஜெஃப்ரி இங்க்ரம் டெய்லர், காற்றின் கொந்தளிப்பை ஆராய்ந்த பெரும் இயற்பியலர். கடல் விமானங்களை நிறுத்துவதற்காக அவர் அதைச் செய்தார். அவரும் அவருடைய மனைவி ஸ்டெஃபனியும் 1927-இல் நார்வேயின் லோஃபோட்டன் தீவுகள் வரை தங்கள் பாய்மரப் படகில் போய்வந்தவர்கள். நங்கூரம் நழுவும் இரவு எப்படியிருக்கும் என்று அறிந்த ஒருவரின் கைவேலை அது என்று எண்ணும்போது எனக்கு அதன்மேல் ஒரு மரியாதை.

இப்போது நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். விரிகுடாவுக்குள் நுழையும் முன்பே வரைபடத்தின் மீது பென்சிலால் மூன்று அம்புகள் வரைவோம்: இப்போதைய காற்று, நள்ளிரவுக் காற்று, விடியற்காலைக் காற்று. மூன்றில் ஒன்று திறந்த வாயின் வழியாக உள்ளே வந்தாலும், அந்த இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும், அங்கே தங்குவதில்லை. வடக்குக் காற்று என்றால் வடக்கிலிருந்து வருவது, வடக்கே போவதன்று. இது சிறுபிள்ளைப் பாடம்போலத் தோன்றும், ஆனால் களைத்த மாலையில் அம்பைத் தலைகீழாக வரைந்தவள் நான். வாடை, தென்றல், கொண்டல், கோடை என்று வரும் திசையை வைத்துப் பெயரிட்ட நம் மொழியில் அந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை, ஆதலால் அம்புகளுக்கு இப்போது அந்தப் பெயர்களையே எழுதுகிறேன்.

நங்கூரம் இறங்கியதும் இயந்திரத்தைப் பின்னோக்கி இயக்கி, கரையில் ஒரே கோட்டில் தெரியும் இரண்டு பொருள்களைப் பார்த்துக்கொண்டிருப்போம். மரமும் அதன் பின்னுள்ள பாறையும் ஒன்றைவிட்டு ஒன்று விலகவில்லையென்றால் நங்கூரம் பிடித்துவிட்டது. பின்னர், வெளிச்சம் இருக்கும்போதே வெளியேறும் வழியின் திசைகாட்டிக் கோணத்தைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுக்கானுக்கு அருகே ஒட்டிவிடுவோம். ஜிபிஎஸ் நங்கூர எச்சரிக்கையும் வைக்கிறோம்தான். ஆனால் நங்கூரம் நகராமலேயே நாங்கள் ஆபத்தில் இருந்த அந்த இரவில் அது கூவியிருக்காது என்பதை மறப்பதில்லை.

எங்களுக்குள் ஓர் உடன்பாடும் உண்டு. இருவரில் யாருக்கு இடம் பிடிக்கவில்லையென்றாலும் கிளம்பிவிடுவோம், மற்றவர் காரணம் கேட்கக் கூடாது. காரணத்தை மறுநாள் காலை பேசிக்கொள்ளலாம். இதுவரை நான் ஏழு முறை கிளப்பியிருக்கிறேன், அவர் நான்கு முறை. பதினொன்றில் ஆறு வீண் அலைச்சல் என்று பிறகு தெரிந்தது. அந்த ஆறுக்காகவும் அவர் என்னைக் கேலி செய்ததில்லை (ஒரு முறை செய்தார், அதை இங்கே எழுதப்போவதில்லை).

மாப்பிள்ளை கேட்டிருந்த இரண்டாவது நங்கூரத்தைப் பற்றி: வேண்டும், வைத்திருங்கள், ஆனால் திசை மாறும் இரவில் இரண்டையும் சேர்த்து இறக்காதீர்கள். படகு சுற்றச் சுற்ற இரண்டின் கயிறுகளும் முறுக்கிக்கொள்ளும், அவசரத்தில் பிரிக்க முடியாது. ஒரே நங்கூரம், போதுமான சங்கிலி, சுற்றுவதற்கு முழு வட்டம் இவையே போதும்.

முதல் இரவுக்காக நீங்கள் பார்த்து வைத்திருக்கும் விரிகுடாவின் வரைபடத்தை எனக்கு அனுப்பு. அது எந்தத் திசைக்குத் திறந்திருக்கிறது என்பதை நான் பார்த்துச் சொல்லமாட்டேன். மூன்று அம்புகளையும் நீயே வரைந்து, வட்டத்தையும் போட்டு அனுப்பு. சித்தப்பா அதைத் திருத்த வேண்டும் என்று இப்போதே பென்சில் சீவிக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
சித்தி