சங்கேத அதிகாரிகளின் பதவி உயர்வு

ஆசிரியர் அவர்களுக்கு,

1942 ஏப்ரல் 5 ஆம் திகதி கொழும்பு மீது நடந்த ஜப்பானிய விமானத் தாக்குதலுக்கான திட்டத்தை, இந்நகரிலேயே இயங்கிய பிரித்தானியக் கடற்படையின் சங்கேதப் பிரிவு (எதிரியின் இரகசியக் குறியீடுகளை உடைத்துப் படிக்கும் பிரிவு), இடைமறித்த வானொலிச் செய்திகளிலிருந்து முன்கூட்டியே கண்டறிந்திருந்தது. எனினும் இத்துறைக்கு வாழ்நாளைக் கொடுத்தவர்களைக் கடற்படைகள் நெடுங்காலம் ஓரங்கட்டியே வைத்திருந்தன. 1918 இல் அமெரிக்கக் கடற்படையில் சாதாரண சிப்பாயாகச் சேர்ந்து, ஜப்பானில் மொழி பயின்று, 1942 இல் பசிபிக் கடலின் மிட்வே தீவு மீதான ஜப்பானியத் தாக்குதலை முன்னறிவித்த சங்கேத அதிகாரி ஜோசப் ரோச்போர்ட், அந்த 1942 இலேயே சங்கேதப் பொறுப்பிலிருந்து அகற்றப்பட்டு, பின்னர் கப்பல்களைப் பழுதுபார்க்கும் மிதவைத் துறையொன்றுக்குத் தலைமை தாங்க அனுப்பப்பட்டார். உரிய பதக்கம் அவர் மறைந்த பின்னரே கிடைத்தது. இதை அநீதி என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் இந்நிலை பின்னர் மாறியது. 1981 இல் அதே அமெரிக்கக் கடற்படையில் போர்க்கப்பல் அதிகாரியாகப் பணியைத் தொடங்கி, 1986 இல் சங்கேதத் துறைக்கு மாறிய மைக்கேல் ரோஜர்ஸ், 2014 இல் நான்கு நட்சத்திர அட்மிரலாக, தகவல் தொடர்புகளை இடைமறித்து உளவறியும் அமெரிக்கத் தேசிய பாதுகாப்பு முகமையின் தலைமையை ஏற்றார். அதற்கு முன்னரே, 2009 இல், உளவு, சங்கேதம், வானிலை, தகவல் தொழில்நுட்பம் ஆகிய துறைகளின் அதிகாரிகளை அமெரிக்கக் கடற்படை ஒரே அணியாக்கியிருந்தது.

கடலால் சூழப்பட்ட நம் நாட்டிலும், இத்துறை அதிகாரிகளின் பதவி உயர்வைக் கப்பலில் கழித்த ஆண்டுகளை மட்டும் கொண்டு அளக்காமல், அவர்களின் கணித, மொழி ஆற்றலுக்கும் உரிய மதிப்பளிக்குமாறு பொறுப்பானவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.