மேடு ஏறும்போது மட்டும் செத்துப்போகும் வண்டி

பொள்ளாச்சி

அன்பு மாப்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவளுக்குத் தை மாதம் கல்யாணம் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். உன் தங்கச்சி இப்போதே புடவைக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள். இங்கே நாங்கள் சௌக்கியம். எனக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, கூடவும் இல்லை குறையவும் இல்லை. தோப்புதான் கவலையாக இருக்கிறது. முதலில் வெள்ளை ஈ வந்தது, அது போதாதென்று வாடல் நோய். காய்க்கு நல்ல விலை இருக்கிற நேரத்தில் மரத்தில் காய் இல்லை. கிழக்கு ஓரத்து மரங்களை வெட்டத்தான் வேண்டும் என்கிறார்கள். மனசு வரவில்லை, பார்க்கலாம்.

அப்புறம் உன் வண்டி. சில நாள் சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி. சில நாள் ஓட்டும்போதே மீட்டர் முள்ளெல்லாம் விழுந்து எழுகிறது. மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் நல்ல பிள்ளையாக ஸ்டார்ட் ஆகிறது. பேட்டரி மாற்றியாகிவிட்டது, அடுத்து டைனமோ மாற்றச் சொல்கிறார்கள், அதற்குப் பதில் வந்த விலைக்குத் தள்ளிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். தள்ளுவதும் வைத்துக்கொள்வதும் அப்புறம். டைனமோவுக்கு மட்டும் இப்போது காசு கொடுக்காதே. என் வண்டி போன வருஷம் பண்ணிய கூத்தைச் சொல்கிறேன், அதைப் படித்துவிட்டு முடிவு பண்ணு.

என்னுடையது 2007 மாடல் டீசல் எஸ்.யூ.வி., உனக்குத் தெரியும். மாமியார் வீடு வால்பாறையில் இருப்பதால் ஆழியாறு வழியாக மலை ஏறுவது எங்களுக்கு வழக்கம். மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவு. ஊருக்குள், கோயம்புத்தூர் ரோட்டில், தோப்புக்குள் எங்கே ஓட்டினாலும் வண்டிக்கு ஒரு குறையும் இருக்காது. மலை ஏறும்போது மட்டும் திடீரென்று மீட்டர் முள் எல்லாம் சுழியத்துக்கு விழும், ஹெட்லைட் மங்கும், என்ஜின் நின்றுவிடும். ஸ்டியரிங் கல்லாகிவிடும். வளைவில் பின்னால் பஸ் வந்துகொண்டிருக்கும்போது அது நடந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார். ஓரமாக நிறுத்திக் கொஞ்ச நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது மாதிரி எடுக்கும்.

ஒரு கடையில் பேட்டரி மாற்றினார்கள். இன்னொரு கடையில் டைனமோவைக் கழற்றி கார்பன் பிரஷ், ரெகுலேட்டர் எல்லாம் புதிதாகப் போட்டார்கள். ஸ்கேனர் வைத்திருக்கும் ஓர் இடத்தில் மாட்டிப் பார்த்துவிட்டு, கோளாறு ஒன்றும் பதிவாகவில்லை, ஒருவேளை கம்ப்யூட்டர் பெட்டியே போயிருக்கலாம் என்றார்கள். அதன் விலையைக் கேட்டதும் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். கம்ப்யூட்டருக்கே கரண்ட் அறுந்துபோனால் அது எந்தக் கோளாறை எழுதிவைக்கும் என்ற கேள்வி வரும் வழியெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. பதிவு இல்லாததே ஒரு தடயம்தான்.

மின்வாரியத்தில் முப்பது வருஷம் லைன் ஃபால்ட் தேடியவனுக்கு ஒரு விஷயம் பழக்கம். விட்டுவிட்டு வரும் கோளாறில் ‘எது கெட்டது’ என்று முதலில் கேட்டால் பாகம் பாகமாக மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ‘எப்போது கெடுகிறது’ என்று கேட்க வேண்டும். சூட்டிலா, ஈரத்திலா, குலுக்கலிலா, லோடு ஏறும்போதா? அது தெரிந்த பிறகு, நாம் நினைத்த நேரத்தில் அந்தக் கோளாறை வரவைக்கப் பார்க்க வேண்டும். வரவைக்க முடியாத கோளாறைச் சரி பண்ணிவிட்டேன் என்று எவன் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன். அன்றைக்கு அது வரவில்லை, அவ்வளவுதான்.

அதனால் டேஷ்போர்டில் ஒரு நோட்டு போட்டேன். வளைவுக்கு வளைவு எண் போட்ட போர்டு இருப்பதால் எழுதுவது சுலபம். எந்த வளைவு, எந்த கியர், லைட் எரிந்ததா, ஏ.சி. ஓடியதா, மழையா வெயிலா. மழையோ வெயிலோ அதற்கு ஒன்றுதான் என்று தெரிந்தது. சூடும் காரணம் இல்லை, ஏனென்றால் அடிவாரத்திலேயே, ஒன்பதாவது வளைவில் இருக்கும் லோம்ஸ் வியூ பாயின்ட் வருவதற்கு முன்பே சில தடவை நின்றிருக்கிறது. ஆனால் நின்றதெல்லாம் முதல் கியரில் அல்லது இரண்டாவது கியரில், மிதித்து ஏற்றும்போதுதான். இறங்கும்போது ஒரு தடவை கூட இல்லை. அதே ரோடு, அதே குழி, அதே குலுக்கல், ஆனால் இறக்கத்தில் வண்டி தங்கமாக ஓடுகிறது. அப்படியென்றால் வெறும் குலுக்கல் இல்லை, என்ஜின் இழுக்கும் விசைக்கும் இதற்கும் ஏதோ சம்பந்தம் இருக்கிறது.

லீவில் வந்திருந்த பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து இரண்டு மல்டிமீட்டரோடு மலை ஏறினேன். ஒன்றை நேராக பேட்டரியின் இரண்டு முனையிலும் கொடுத்து, சின்ன ஃபியூஸ் போட்ட வயரை உள்ளே கொண்டுவந்திருந்தேன். இன்னொன்று சிகரெட் லைட்டர் சாக்கெட்டில். ஓடும்போது இரண்டும் 14 வோல்ட்டை ஒட்டியே காட்டின. வண்டி நின்றபோது பேட்டரி மீட்டரில் 12.6 அசையாமல் இருக்க, சாக்கெட் மீட்டர் படுத்துவிட்டது. பேட்டரி, டைனமோ இரண்டும் குற்றமற்றவை என்று அந்த இடத்திலேயே தீர்ந்தது. கரண்ட் இருக்கிறது, வண்டிக்குள் வந்து சேரவில்லை.

அடுத்து பிளஸ் பக்கமா மைனஸ் பக்கமா என்று பிரிக்க வேண்டும். இரண்டாவது மீட்டரை பேட்டரி மைனஸுக்கும் சீட் போல்ட்டுக்கும் நடுவே மாட்டினேன். வண்டியில் கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பிப் போவது இரும்பு பாடி வழியாகத்தான், அந்த இணைப்பைத்தான் எர்த் என்கிறோம். பாடி நன்றாக எர்த் ஆகியிருந்தால் அங்கே 0.1, 0.2 வோல்ட்டுக்கு மேல் வரக்கூடாது. வண்டி நின்ற கணத்தில் பையன் “பதினொன்றுக்கு மேல போயிடுச்சுப்பா” என்று கத்தினான். சிங்கிள் ஃபேஸ் வீட்டில் நியூட்ரல் அறுந்தால் என்ன ஆகுமோ அதே கதை. எரிந்துகொண்டிருக்கும் லைட், மோட்டார் எல்லாவற்றின் வழியாகவும் வந்த பிளஸ் திரும்பிப் போக வழி இல்லாமல் பாடி முழுக்க ஏறி நிற்கிறது.

இனி தேட வேண்டிய இடம் ஒரு முழம்தான். என் வண்டியில் பேட்டரி மைனஸிலிருந்து தடித்த கேபிள் ஒன்று கியர்பாக்ஸ் போல்ட்டுக்குப் போகிறது, அதிலிருந்து பிரியும் கிளை பாடிக்குப் போகிறது. இதுபோக என்ஜினையும் பாடியையும் இணைக்கும் பின்னல் பட்டை ஒன்று தனியாக இருக்க வேண்டும். அது இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டைதான் இருந்தது. எப்போதோ கிளட்ச் வேலைக்கு கியர்பாக்ஸை இறக்கியவர்கள் திரும்ப மாட்டவில்லை. ஆக, பாடி முழுவதும் அந்த ஒற்றைக் கிளையை நம்பித்தான் இவ்வளவு நாள் ஓடியிருக்கிறது.

சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, பிரேக்கை அழுத்திப் பிடித்து, ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு முதல் கியரில் கிளட்சைக் கொஞ்சமே கொஞ்சம் விடச் சொன்னேன். நான் பக்கவாட்டில் நின்று பார்த்தேன். என்ஜின் ஒரு பக்கமாகப் புரண்டது, கேபிள் விறைத்தது, லைட் அணைந்தது. ரிவர்ஸ் கியரில் அதையே செய்தபோது என்ஜின் எதிர்ப்பக்கம் சாய்ந்தது, லைட் அசையவில்லை. திரும்ப முதல் கியர், திரும்ப அணைந்தது. மாப்ள, மலை ஏறாமலேயே, வீட்டு வாசலில், கேட்ட நேரத்துக்கு அந்தக் கோளாறு வந்தது. ரிட்டயர் ஆன பிறகு எனக்கு அவ்வளவு சந்தோஷம் கொடுத்த சாயங்காலம் வேறு இல்லை என்று சொன்னால் உன் தங்கச்சி கோபித்துக்கொள்வாள்.

என்ஜின் தாங்கும் ரப்பர் மவுன்ட் பழசாகித் தளர்ந்திருந்ததால் ஏற்றத்தில் என்ஜின் அளவுக்கு மீறிப் புரண்டு கேபிளை இழுத்திருக்கிறது. இறக்கத்தில் என்ஜின் பிரேக் பிடிக்கும்போது விசை எதிர்ப்பக்கம், அதனால் கேபிள் தளர்ந்து ஒட்டிக்கொள்ளும். பாடிக்குப் போகும் முனையின் லக்கை, அதாவது கம்பி முனையில் அமுக்கிய உலோக வளையத்தை, அறுத்துப் பார்த்தேன். வெளியே பார்த்தால் பளபளவென்று போல்ட் இறுக்கமாக இருக்கிறது, உள்ளே கம்பி பச்சை பூத்துப் பொடியாகி, நாலைந்து இழைதான் உயிரோடு இருந்தது. கேபிளின் உறையைத் தாண்டி உள்ளே களிம்பு ஏறியிருந்தது. கடைக்காரர்களும் போல்ட்டை இறுக்கிப் பார்த்துத்தான் இருக்கிறார்கள். போல்ட் நன்றாகத்தான் இருந்தது.

இங்கே ஒன்று கவனி. இந்தக் கேபிளை ஓம் மீட்டரில் வைத்தால் நல்லதென்றுதான் காட்டும். நாலு இழை இருந்தாலும் மீட்டர் அனுப்பும் துளிக் கரண்ட்டுக்கு அது ராஜபாட்டை. மீட்டர் கண்டுகொள்ளாத 0.05 ஓம் தடை, 40 ஆம்பியர் போகும்போது 2 வோல்ட்டைத் தின்றுவிடும். என்ஜினைச் சுழற்றி ஸ்டார்ட் பண்ணும் செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியர் கேட்டால் கணக்கை நீயே போட்டுக்கொள். வோல்ட் பார்க்கும் மீட்டரும் சில நேரம் ஏமாற்றும், ஒற்றை இழை மிச்சம் இருந்தாலும் 12 வோல்ட் என்று காட்டிவிடும். அதனால் நான் இண்டிகேட்டர் பல்பு ஒன்றில், 21 வாட், இரண்டு வயர் வைத்து டெஸ்ட் லேம்ப் செய்திருக்கிறேன். அது கிட்டத்தட்ட 1.75 ஆம்பியர் இழுக்கும், நோயாளி வயரில் எரியாது. கம்ப்யூட்டர், ஏர்பேக் வயர்களில் மட்டும் அதை வைத்துவிடாதே.

புது செம்புக் கேபிள், நம் வாரியத்து ஆட்கள் பயன்படுத்தும் அமுக்கி வைத்து லக் அடித்தேன். பாடியில் பெயின்டைச் சுரண்டி வெறும் இரும்பு தெரியவைத்து, பல் வாஷர் போட்டு இறுக்கி, அதன் மேல் வாசலின் தடவினேன். பின்னல் பட்டையும் மவுன்ட்டும் புதிது. மவுன்ட்டைச் சேர்க்காமல் பார்த்தால் வீண்செலவு செய்த பேட்டரி விலையில் பத்தில் ஒரு பங்கு கூட ஆகவில்லை. பிறகு மழைக்காலம் முழுக்க வால்பாறை போய் வந்துவிட்டோம்.

இப்போது உன் விஷயத்துக்கு வா. சாவியைத் திருப்பும்போது ஹெட்லைட்டைப் போட்டுவைத்து சுவரைப் பார். ‘டிக்’ சத்தத்தோடு லைட் செத்துப்போனால் பேட்டரி முனை, எர்த் பக்கம் தேடு. உன் பேட்டரி புதிது என்பதால் கேபிளைத்தான் சந்தேகப்படுவேன். ‘டிக்’ வருகிறது, லைட்டும் கம்பீரமாக எரிகிறது என்றால் செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட்டை விடும் சொலினாய்டின் உள்ளே செம்புக் கான்டாக்ட் தேய்ந்திருக்கும். சத்தமே இல்லாமல் லைட் மட்டும் எரிந்தால் சாவி ஸ்விட்ச், ரிலே. சாவிக்கொத்தோடு நீ மாட்டியிருக்கும் அந்தப் பித்தளை வேலாயுதத்தை முதலில் கழற்று, அந்த எடையே ஸ்விட்சைத் தளர்த்தும். ஹாரன் ரிலேயும் செல்ஃப் ரிலேயும் ஒரே மாதிரி, ஒரே பின் அமைப்பு என்றால் இடம் மாற்றிப் போட்டுப் பார், காசில்லாத சோதனை.

ஆனால் ஓட்டும்போது மீட்டர் விழுகிறது என்றாயே, அதையும் ‘டிக்’கையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டுக்கும் பொதுவான ஒரு எர்த் அல்லது மெயின் சப்ளை முனைதான் எனக்குத் தோன்றுகிறது. இன்னொரு சந்தேகமும் உண்டு. நீ அந்த வண்டியை 2016-ல் சென்னையிலிருந்து மலிவாக வாங்கினாய். அதற்கு முந்தைய டிசம்பரில்தான் வெள்ளம். முன்சீட்டுக்கு அடியில் கார்ப்பெட்டைத் தூக்கிப் பார். சீட் போல்ட்டில் துரு, வயர்களை இணைக்கும் கப்ளருக்குள் பச்சை, மூலையில் காய்ந்த வண்டல் ஏதாவது இருந்தால் சொல். தண்ணீர் குடித்த ஒயரிங் பல வருஷம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். அப்படி இருந்தால் மட்டும் தள்ளிவிடு, வாங்குகிறவனிடம் சொல்லிவிட்டுத் தள்ளு. ஒயரிங் முழுக்க மாற்றுவது நம்மால் ஆகிற காரியம் இல்லை.

இல்லையென்றால் வைத்துக்கொள் என்பேன். பதினைந்து வருஷம் தாண்டிய காருக்கு ஆர்.சி. (பதிவுச் சான்று) புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5000 ரூபாய் ஆனபோது நானும் புலம்பினேன்தான், ஆனாலும் இந்தக் காசுக்கு ஏழு பேரை ஏற்றிக்கொண்டு மலை ஏறும் வண்டி எங்கே கிடைக்கும்? ஒன்று மட்டும் உன்னிடம் கெஞ்சிக் கேட்கிறேன். டைனமோ வேலை செய்கிறதா பார்க்கிறேன் என்று ஓடும் என்ஜினில் பேட்டரி கேபிளைக் கழற்ற எவனாவது வந்தால் விடாதே. வோல்ட் எகிறி நல்ல கம்ப்யூட்டரையும் கொன்றுவிடும்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடுவோம். டெஸ்ட் லேம்ப்பும் லக் அமுக்கியும் வண்டியிலேயே இருக்கும், பந்தல் வேலை நடக்கும்போது உன் வண்டியையும் பிரித்துவிடலாம். அதற்குள் நோட்டு போட்டு ஒரு மாதம் எழுதிவை. லைட் என்ன செய்தது என்பதை மறக்காமல் எழுது.

உன் மச்சான்