காயத்துக்குள் போக வேண்டிய மருந்து: நாய்க்கடிப் பிரிவு மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

தடுப்பூசி போட்டும் ரேபிஸ் வந்து ஒருவர் இறந்தால், பழி முதலில் தடுப்பூசியின் மேல்தான் விழுகிறது. அப்படிப்பட்ட இறப்புகளை ஆராய்ந்தபோது பெரும்பாலானவற்றில் வெளிப்பட்டது வேறு: காயத்தைச் சரியாகக் கழுவவில்லை, இம்யூனோகுளோபுலின் (வைரஸை உடனே தடுக்கும் ஆயத்த ஆன்டிபாடி மருந்து) போடவில்லை, அல்லது எல்லாக் காயங்களுக்குள்ளும் போடவில்லை. முறையாகச் செய்தும் தவறியவை மிக அரிது.

முதல் தடுப்பூசி போட்ட அன்று உடலில் ஆன்டிபாடி, அதாவது வைரஸை எதிர்க்கும் புரதம், கிடையாது. தடுப்பூசியில் இருப்பது கொல்லப்பட்ட வைரஸ். அதன் மேலுறையிலுள்ள கிளைக்கோபுரதம் என்ற புரதத்தை நோயெதிர்ப்பு செல்களான பி செல்கள் இனங்கண்டு, டி செல்களின் துணையோடு பெருகி, ஆன்டிபாடி சுரக்க 7 முதல் 10 நாள் ஆகும். 14ஆம் நாள்வாக்கில் ஏறக்குறைய எல்லோருக்கும் அளவு, போதுமானதாகக் கருதப்படும் மி.லி. ரத்த சீரத்துக்கு 0.5 சர்வதேச அலகைத் தாண்டிவிடுகிறது. அதற்குள் வைரஸ் நரம்பு முனைக்குள் புகுந்துவிட்டால், ஆன்டிபாடி அதை எட்டுவது கடினம். முகம், தலை, கை விரல்களில் கடி என்றால் கவலை இன்னும் அதிகம். அங்கே நரம்பு முனைகள் நெருக்கமாக உள்ளன, மூளையும் முகத்துக்குப் பக்கம்.

இந்த இடைவெளியைத்தான் இம்யூனோகுளோபுலின் அடைக்கிறது. தோலைக் கிழித்த கடி, கீறல் எதுவாயினும் அது தேவை. மனித ரத்தத்திலிருந்து எடுத்த வகை என்றால் எடையில் கிலோவுக்கு 20 அலகு, குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த வகை என்றால் 40 அலகு. இதற்கு மேல் போனால் உடல் தானாக உண்டாக்கும் ஆன்டிபாடியை அது மட்டுப்படுத்தும். 12 கிலோ குழந்தைக்கு முகத்தில் ஐந்தாறு பல் தடங்கள் என்று வையுங்கள். மனித வகையில் 240 அலகு, மி.லி.க்கு 150 அலகுள்ள குப்பியில் அது வெறும் 1.6 மி.லி. இரண்டு காயத்திலேயே தீர்ந்துவிடும். அப்போது நார்மல் சலைன் (உப்புக் கரைசல்) சேர்த்து இரண்டு, மூன்று மடங்காக்கி, ஒவ்வொரு காயத்தின் ஆழத்திலும் ஓரங்களிலும் செலுத்துங்கள். ஒரு சிறு தடத்தை விட்டாலும் அங்கே வைரஸுக்கு வழி திறந்திருக்கிறது. விரல் நுனியில் மெதுவாக, திசு தாங்கும் அளவுக்கு மட்டும். மருந்தைத் தொடையிலோ புட்டத்திலோ போட்டுக் கணக்கை முடிப்பதால் காயத்துக்குப் பயனில்லை. தடுப்பூசியோடு ஒரே சிரிஞ்சில் கலக்கவோ, அதே இடத்தில் போடவோ கூடாது. முதல் நாள் மருந்து கிடைக்காவிட்டால் முதல் தடுப்பூசியிலிருந்து 7ஆம் நாள் வரை போடலாம்; பிறகு வேண்டாம். தையல் அவசியமானால் காயத்தில் மருந்து செலுத்திய பிறகு, தளர்வாக.

இதற்கெல்லாம் முன்னால் சோப்பும் ஓடும் தண்ணீரும், 15 நிமிடம். வீட்டிலேயே கழுவிவிட்டோம் என்றாலும் மறுபடி கழுவச் செய்யுங்கள். பிறகு பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி.

தடுப்பூசியைத் தோலுக்குள் போடும் முறையில் ஓரிடத்துக்கு 0.1 மி.லி.தான். இவ்வளவு குறைந்த அளவு வேலை செய்வதற்குக் காரணம், தோலிலுள்ள டென்ட்ரிடிக் செல்கள் என்ற நோயெதிர்ப்பு செல்கள் அதைப் பிடித்து நிணநீர் முடிச்சுக்குக் கொண்டுபோவதே. ஊசி போட்டதும் ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளிபுள்ளியாக ஒரு மேடு எழ வேண்டும். எழாவிட்டால் ஊசி ஆழமாகப் போய்விட்டது. அருகில் இன்னொன்று போடுங்கள். கரைத்த குப்பியை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைத்து, 6 முதல் 8 மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். தசையில் போடுவதானால் மேற்கை; சிறு குழந்தைக்குத் தொடையின் முன்பக்க வெளிப்பகுதி. புட்டத்துக் கொழுப்பில் தங்கிவிட்டால் ஆன்டிபாடி குறைவாகவே உருவாகும்.

ஹெச்.ஐ.வி. முற்றியவர்கள், கீமோதெரபி பெறுவோர், அதிக அளவு ஸ்டீராய்டு எடுப்போர் ஆகியோரைக் கேட்டறியாமல் விடாதீர்கள். இவர்களுக்கு லேசான கீறலானாலும் இம்யூனோகுளோபுலினும் முழுத் தவணைகளும் வேண்டும். முடிந்தால் 2 முதல் 4 வாரம் கழித்து ஆன்டிபாடி அளவும் பார்க்க வேண்டும்.

முன்பே முழுத் தவணை போட்டவர் மறுபடி கடிபட்டு வந்தால், அவருடைய நினைவு செல்கள் சில நாட்களிலேயே விழித்துக்கொள்ளும். 0 (ஊசி தொடங்கும் நாள்), 3 ஆம் நாட்களில் ஒவ்வோர் தடுப்பூசி போதும், இம்யூனோகுளோபுலின் வேண்டாம். ஆனால் பழைய அட்டை இருந்தால்தான் இதை நம்பிச் செய்ய முடியும். ஆகவே தேதி, தடுப்பூசியின் பெயர், போட்ட முறை மூன்றையும் தெளிவாக எழுதிக் கொடுத்து, அட்டையை எப்போதும் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ரேபிஸ் தடுப்புப் பணியில் உள்ளோர்