கன்வெர்ட்டரில் தங்கிவிடும் பழைய ஆயில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டீசல் வண்டிகளின் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கு சிந்தெடிக் (செயற்கை முறையில் தயாரித்த) ஆயில் மாற்றுவது பற்றித் தங்கள் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். மாதவரத்தில் பட்டறை வைத்திருக்கிறேன். பிக்கப், குப்பை லாரி, கன்டெய்னர் யார்டு வண்டிகள் என்று ஆட்டோமேட்டிக் பெட்டி உள்ளவைதான் எங்களிடம் அதிகம் வருகின்றன. கட்டுரையில் பெரும்பாலானவை சரி. ஒரு தடவை சிந்தெடிக் ஊற்றிவிட்டால் அடுத்த மாற்றத்தை இரண்டு மடங்கு தள்ளிப்போடலாம் என்று எழுதியிருந்தது மட்டும் சரியில்லை. அதை நம்பிச் செய்கிறவர்களுக்குக் கியர் பாக்ஸ் செலவு வைக்கும் என்பதால்தான் இந்தக் கடிதம். (கூடவே போட்டிருந்த படம் என்ஜினில் ஆயில் ஊற்றும் படம். ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் ஆயில் பெரும்பாலும் சிவப்பாக இருக்கும். அது போகட்டும்.)

விஷயம் இதுதான். நான் சொல்லும் வகை ஆட்டோமேட்டிக் வண்டியில் என்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் கிளட்சுக்குப் பதிலாக டார்க் கன்வெர்ட்டர் உட்கார்ந்திருக்கிறது. அதற்குள் ஓடும் ஆயில்தான் என்ஜினின் இழுவையைக் கியருக்குக் கொண்டுபோகிறது. கீழே டிரெயின் பிளக்கைக் கழற்றினால் சம்ப்பில், அதாவது பெட்டியின் அடித் தட்டில், இருப்பது மட்டும்தான் இறங்கும். கன்வெர்ட்டரில் இருப்பது, ஆயிலைக் குளிர்விக்கும் கூலரிலும் அதன் பைப்பிலும் நிற்பது, கியர் மாற்ற ஆயிலைத் திருப்பிவிடும் வால்வு பாடியில் தேங்கியது எல்லாம் அப்படியே இருக்கும். பத்து லிட்டர் பிடிக்கும் பெட்டியில் நான்கு லிட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக நான்கு லிட்டர் ஊற்றினாலும் உள்ளே 60 சதவீதம் பழையதுதான். இரண்டாவது தடவை மாற்றினால் பழையது 36, மூன்றாவதில் 22, நான்காவதில் 13. ஐந்தாவது மாற்றத்துக்குப் பிறகுதான் அது பத்து சதவீதத்துக்குக் கீழே வரும். என்ஜின் ஆயில் அப்படி இல்லை, பிளக்கைத் திறந்தால் கிட்டத்தட்ட முழுக்க வந்துவிடும். அந்தப் பழக்கத்திலேயே கியர் பாக்ஸையும் பார்ப்பதால் வருகிற குழப்பம் இது.

செங்குன்றத்தில் அரிசி மண்டி வைத்திருக்கும் ஒருவர் தன் டீசல் பிக்கப்போடு சில மாதங்களுக்கு முன் வந்தார். வேறு இடத்தில் சிந்தெடிக் மாற்றியிருந்தார். "அண்ணே, இனிமே ஒரு லட்சம் கிலோமீட்டர் திரும்பியே பார்க்க வேணாம்னு சொன்னாங்க. இப்ப மூணுலேருந்து நாலுக்குப் போறப்ப ஒரு உதறு உதறுது" என்றார். டிப் ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் குச்சியில்) வந்த ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டுப் பார்த்தோம். நல்ல ஆயில் என்றால் சிவப்பு வட்டமாகப் பரவும். இது நடுவில் கரும்பழுப்புப் பொட்டாக நின்றது, ஓரத்தில்தான் லேசாகச் சிவப்பு. தீய்ந்த வாடை வேறு. சம்ப்பைக் கழற்றியதும் அடியில் இருந்த காந்தங்களில் சாம்பல் நிறப் பசை அப்பியிருந்தது. இரும்புத் துகள் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், காந்தம் அங்கே இருப்பதே அதற்காகத்தான். ஆனால் விரலால் தேய்த்தால் நெருடக் கூடாது. இது நெருடவில்லை, நல்ல காலம். ஃபில்டரை மட்டும் முன்பு யாரும் தொட்டதாகத் தெரியவில்லை. விசாரித்தால், நான்கு லிட்டர் கேன் ஒன்றுதான் வாங்கிக் கொடுத்திருக்கிறார். மிச்சம் எல்லாம் பழைய ஆயில்!

இதைக் கம்பெனிக்காரர்களே சொல்லியிருக்கிறார்கள். கனரக வண்டிகளுக்கு ஆட்டோமேட்டிக் பெட்டி செய்யும் அலிசன் நிறுவனத்துக்கு நம் ஒரகடத்திலேயே தொழிற்சாலை இருக்கிறது. சிந்தெடிக் ஆயிலுக்கு அவர்கள் வைத்த அளவுகோல் டி.இ.எஸ். 295, அதற்குப் பின் வந்தது டி.இ.எஸ். 668. நீண்ட இடைவெளி இந்த ஆயில் நிரம்பிய பெட்டிக்குத்தான். பழைய ரக (சிந்தெடிக் அல்லாத) ஆயிலோடு கலந்து கிடந்தால் பழைய ரகத்துக்குச் சொன்ன குறைந்த இடைவெளியையே பின்பற்ற வேண்டும். கேனின் முன்பக்கம் இதெல்லாம் இருக்காது, கையேட்டைப் புரட்ட வேண்டும். கையேடு பெரும்பாலும் டேஷ்போர்டுப் பெட்டியில் பாலிதீன் உறைகூடப் பிரிக்காமல் கிடக்கிறது.

அப்படியானால் சிந்தெடிக் வேண்டாமா என்று கேட்டால், வேண்டும் என்றுதான் சொல்வேன், அதுவும் சென்னையில். விளம்பரங்களில் மைனஸ் 40 டிகிரி குளிரிலும் உறையாது என்று பெருமையாகப் போடுகிறார்கள். மார்கழியில் ஸ்வெட்டர் தேடும் ஊரில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நமக்கு வேண்டியது மறுமுனை, சூடு. சரக்கோடு எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவே மாட்டிக்கொண்ட வண்டியில், என்ஜின் தரும் சக்தியில் ஒரு பங்கு கன்வெர்ட்டருக்குள்ளேயே ஆயிலைக் கலக்கிச் சூடாகப் போய்விடுகிறது. வண்டி நகர்ந்தால்தானே கூலருக்குக் காற்று கிடைக்கும். ஆயிலின் சூடு பத்து டிகிரி கூடினால் அது கெட்டுப்போகும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது எங்கள் தொழிலில் கைக்கணக்கு. நல்ல சிந்தெடிக் அந்தச் சூட்டில் சீக்கிரம் கருகாது, அடிபட்டு அடிபட்டு நீர்த்தும் போகாது. விலை கூடுதல்தான், ஆனால் அந்த வேலைக்கு அது தகும்.

ஆனால் அது சூட்டைத் தாங்குமே தவிரக் குறைத்துவிடாது. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஆயில் கூலரை மணலி, எண்ணூர் பக்கம் ஓடும் வண்டிகளில் போய்ப் பாருங்கள். சாம்பலும் புழுதியும் சேர்ந்து துணி போர்த்தியதுபோல் அடைத்துக் கிடக்கும். சிந்தெடிக்குக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறவர்கள் முதலில் அதைத் தண்ணீர் விட்டுக் கழுவலாம். அழுத்தமாகப் பீய்ச்சி இதழ்களை மடக்கிவிடாமல், உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக.

தண்ணீர் என்றதும் இன்னொன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழையில் நின்ற வண்டிகள் பலவற்றுக்குக் கியர் பாக்ஸின் மேலே இருக்கும் பிரீதர் (காற்றுத் துளை) வழியாகவே தண்ணீர் உள்ளே போய்விட்டது. சிலவற்றில் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் பிய்த்துக்கொண்டு கூலன்ட் கலக்கும். இரண்டிலும் அடையாளம் ஒன்றே: டிப் ஸ்டிக்கை எடுத்தால் ஆயில் ரோஸ் மில்க் மாதிரி இருக்கும். இதற்கு சிந்தெடிக் மருந்தில்லை. வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் கட்டி இழுத்து வர வேண்டும், அதுவும் கியர் பாக்ஸிலிருந்து சக்கரங்களுக்குப் போகும் கார்டன் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு. பெட்டிக்குள் கியர் மாற்ற உதவும் கிளட்ச் பிளேட்டுகளின் உராய்வுப் பட்டை பசையில் ஒட்டியது, தண்ணீரில் ஊறினால் உரிந்துகொண்டு வரும்.

சரி, எப்படித்தான் மாற்றுவது? கூலர் பைப்பைப் பிரித்து ஆயில் மாற்றும் மெஷினை நடுவில் இணைத்து, கியர் பாக்ஸின் சொந்தப் பம்ப் பழையதைத் தள்ளத் தள்ளப் புதியதை ஏற்றுவது ஒரு வழி. பெட்டி பிடிக்கும் அளவைவிட இரண்டு மூன்று லிட்டர் கூடுதலாகச் செலவாகும், ஒரே நாளில் முடிந்துவிடும். மெஷின் இல்லாத இடத்தில் பக்கெட்டை வைத்துக்கொண்டு இதைச் செய்கிறார்கள். ஊற்றுவது ஒரு நிமிடம் பின்தங்கினாலும் பம்ப் காய்ந்துவிடும், எனக்கு அதில் சம்மதமில்லை. பணத்தை ஒரே தடவையில் போட முடியாதவர்களுக்கு நான் சொல்வது வேறு வழி: வழக்கமான இடைவெளியிலேயே சம்ப்பை மட்டும் இறக்கி சிந்தெடிக் ஊற்றுங்கள், முதல் தடவை ஃபில்டரையும் மாற்றுங்கள். பழையதும் புதியதும் அந்தப் பெட்டிக்குச் சொன்ன ஒரே அளவுகோலுக்குள் வருவதாக இருக்க வேண்டும். சில தடவை இப்படிப் போன பிறகு இடைவெளியை நீட்டுவது பற்றி யோசிக்கலாம். செங்குன்றத்துக்காரருக்கு மெஷினில்தான் மாற்றினோம். உதறல் பெரும்பாலும் போய்விட்டது, முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன்.

அளவு பார்ப்பதிலும் ஒரு சங்கடம் உண்டு. இப்போது வரும் பல வண்டிகளில் டிப் ஸ்டிக்கே கிடையாது. ஆயில் 40 டிகிரியை ஒட்டி இருக்கும்போது என்ஜினை ஓடவிட்டு, பக்கத்துப் பிளக்கைத் திறந்து, வழிந்து நிற்கும் அளவைச் சரி என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த முறையை வகுத்தவர் சென்னைக் கத்திரி வெயிலைப் பார்த்திருக்க மாட்டார். மே மாத மத்தியானத்தில் பட்டறை வாசலில் நிற்கும் வண்டி, ஓடாமலே 40-ஐத் தொட்டுவிடும். ஓடி வந்ததென்றால் சாயங்காலம் வரைக்கும் ஆறாது. சூட்டில் ஆயில் விரியும் என்பதால், அப்போது அளவு பார்த்தால் நிறைவாகத் தெரியும், உண்மையில் குறைவாக இருக்கும். ஆகவே ராத்திரி வண்டியை விட்டுப் போகச் சொல்லுங்கள், விடியற்காலையில் வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டிச் சூட்டைப் பார்த்துக்கொண்டே அளவு வைக்கலாம். 'அரை மணி நேரத்தில் முடித்துத் தருகிறோம்' என்று போர்டு வைப்பவர்கள் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

கட்டுரையில் விட்டுப்போன முக்கியமான ஒன்று ஏ.எம்.டி., அதாவது தானாகக் கியர் மாறும் மேனுவல் பெட்டி. லாரி, டிப்பர்களில் இப்போது ஆட்டோமேட்டிக் என்று விற்கப்படுவதில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். கிளட்சும் கியரும் பழைய மேனுவல் பெட்டியில் இருப்பவையே, மாற்றும் வேலையை மட்டும் கம்ப்யூட்டர் செய்கிறது. டார்க் கன்வெர்ட்டர் கிடையாது. பெட்டிக்குள் ஓடுவது பெரும்பாலும் கெட்டியான கியர் ஆயில், சிவப்பு ஆயில் இல்லை. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் போய் ஆட்டோமேட்டிக் லாரிக்கு ஆயில் என்று மொட்டையாகக் கேட்டால் சிவப்பு ஆயிலைத்தான் எடுத்து வைப்பார்கள், கேட்டது அதுதானே. அந்த மெல்லிய ஆயிலைக் கியர் ஆயில் இருக்க வேண்டிய பெட்டியில் ஊற்றினால் பற்கள் தேய்ந்துபோகும். ஏ.எம்.டி.க்கும் சிந்தெடிக் கியர் ஆயில் உண்டு, அது தனிக் கதை.

அதே ரோட்டில் இன்னமும் டெக்ஸ்ரான் 3 என்ற பழைய அளவுகோலை அச்சிட்ட சிவப்பு ஆயில் கேன்கள் கிடைக்கின்றன. அந்த அளவுகோலை வகுத்த ஜெனரல் மோட்டார்ஸ் 2005-ல் டெக்ஸ்ரான் 6-ஐக் கொண்டுவந்து, பிறகு 3-க்கு உரிமம் தருவதையே நிறுத்திவிட்டது. அப்படியென்றால் இன்று அந்தக் கேனுக்குள் இருப்பதற்கு யார் உத்தரவாதம்? விற்கிறவரின் வாய்ச்சொல் மட்டும்தான். புல்லி சிந்தெடிக் என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே அளவுகோல் எண்ணே இல்லாத கேனையும் பார்த்திருக்கிறேன். அதைவிடக் கையேட்டில் சொன்ன எண் உள்ள சாதாரண மினரல் ஆயிலே மேல்.

வண்டி உரிமையாளர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பில்லில் 'ஆயில் மாற்றியது' என்று ஒற்றை வரியில் எழுதி வாங்காதீர்கள். ஆயிலின் அளவுகோல் எண், எத்தனை லிட்டர் இறங்கியது, எத்தனை லிட்டர் ஏற்றியது, ஃபில்டர் மாற்றினார்களா, அப்போது கிலோமீட்டர் எவ்வளவு என்று எழுதச் சொல்லுங்கள். இறங்கிய லிட்டரைப் பெட்டியின் மொத்தக் கொள்ளளவோடு ஒப்பிட்டால் உள்ளே எவ்வளவு பழையது நிற்கிறது என்று நீங்களே கணக்குப் போடலாம். டெண்டர் விட்டு லாரி, பஸ் பராமரிக்கும் அலுவலகங்களும் சிந்தெடிக் என்று மட்டும் கேட்காமல் இந்த விவரங்களையும் கேட்டால் நல்லது.

இறக்கிய ஆயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அது அபாயகரக் கழிவு, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போக வேண்டும். நடைமுறையில் சென்ட்ரிங் பலகைக்குப் பூசவென்று வாங்கிப் போக ஆட்கள் வருகிறார்கள், கையில் காசும் கொடுக்கிறார்கள். சின்னப் பட்டறையில் மாதத்துக்கு ஒரு டிரம்கூட நிரம்பாது, அதற்காகப் பெரிய லாரி வராது. மாதவரம் டிரக் டெர்மினல் பக்கத்தில் எங்களைப் போன்றவர்கள் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு பொது சேகரிப்பு இடம் வைத்தால், வரிசையில் நான் முதல் ஆளாக நிற்கத் தயார். அடுத்த கட்டுரையில் இதையும் ஏ.எம்.டி.யையும் சேர்த்து எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பட்டறைக்கார வாசகர்,
மாதவரம், சென்னை.