ஆட்சிக் கவிழ்ப்பு என்று அன்றே சொன்னவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க முற்போக்குத் தலைவர்களை நம்பலாமா என்ற விவாதம் திருப்பூரில் எங்கள் தோழர்களிடையே ஓய்ந்தபாடில்லை. வெனிசுவேலாவின் அன்றைய அதிபர் மதுரோவைக் கண்டித்ததால் அமெரிக்க செனட்டர் பெர்னி சாண்டர்ஸும் ஏகாதிபத்தியவாதிதான் என்கிறார்கள் சிலர். இந்த அவசரத் தீர்ப்பு எனக்கு உடன்பாடில்லை. மதுரோவைக் கண்டித்த அதே 2019 ஜனவரியில், பிற நாடுகளின் ஆட்சியை மாற்றும் வேலை அமெரிக்காவுக்கு வேண்டாம் என்றும் அவர் சொன்னாரே!

தென் அமெரிக்க நாடான பொலிவியாவைப் பாருங்கள். தேர்தலில் முறைகேடு என்ற புகார் எழுந்ததும், 2019 நவம்பர் 10 காலையில் அதிபர் ஏவோ மொராலெஸ் மறுதேர்தலுக்கே சம்மதித்துவிட்டார். அன்றே ராணுவத் தளபதி அவரைப் பதவி விலகச் சொன்னார், விலகினார். மறுநாளே, இது ராணுவக் கவிழ்ப்பாகத் தெரிகிறது என்று சாண்டர்ஸ் கவலை தெரிவித்தார். இன்னொரு அமெரிக்க முற்போக்கு செனட்டரான எலிசபெத் வாரனோ ஒரு வாரம் கழித்து, கவிழ்ப்பு என்று சொல்லாமல், புதிய ஆட்சியாளர்களை 'இடைக்காலத் தலைமை' என்றே குறிப்பிட்டார். அதற்குள் பொலிவியாவின் சகாபா நகரில், மொராலெஸை ஆதரித்துப் போராடிய கோகா இலைப் பயிர் விவசாயிகள் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். அந்த நேரத்தில் சொல்லுக்கு உயிரின் விலை உண்டு. 2020 அக்டோபர் தேர்தலில் மொராலெஸின் கட்சி 55 சதவீத வாக்குகளுடன் திரும்பியது.

எந்தத் தலைவரையும் இந்த அளவுகோலால்தான் அளக்க வேண்டும்: ராணுவம் இறங்கிய அன்று என்ன சொன்னார்? மியான்மரில் 2021 பிப்ரவரி 1 அன்று நடந்த ராணுவக் கவிழ்ப்புக்கும் இதே அளவுகோல்தான். அங்கே எந்த வல்லரசு யார் பக்கம் என்று பார்த்துப் பேசக் கூடாது. 1946-ல் தூக்கிலிடப்பட்ட கோவை மில் தொழிலாளர்களான சின்னியம்பாளையம் தியாகிகளின் நினைவு நாளான ஜனவரி 8 கூட்டங்களில் இதையும் பேசும்படி கோவை, திருப்பூர் தோழர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

– பின்னலாடைத் தொழிலாளி, அவிநாசி