அழுகிறவள் ஆத்துமாவில் இருக்கிறாளா, ஆவியில் இருக்கிறாளா?

கன்வென்ஷன் மேடைகளிலும் வீட்டு ஜெபக்கூட்டங்களிலும் பிரசங்கிக்கும் ஐயாமார்களுக்கு,

ஸ்தோத்திரம். போன மாதம் எங்கள் தெருவில் ஒரு துக்க வீடு. புருஷனை அடக்கம்பண்ணி எட்டு நாள்கூட ஆகாத நிலையில் ஜெபிக்க வந்த ஊழியக்காரர் ஒருவர், அழுதுகொண்டிருந்த அக்காவிடம், "இது ஆத்துமாவின் அழுகை, சகோதரி. ஆவியில் எழும்புங்கள்" என்றார். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இப்போதெல்லாம் ஆள் வந்தால் அடுப்படிக்குள் போய்த்தான் அழுகிறார்.

அவரை மட்டும் குறைசொல்ல மாட்டேன். நீங்கள் வருஷக்கணக்காக நடத்திய பாடம்தானே அது? மனுஷன் மூன்று பகுதியுள்ள ஆசரிப்புக்கூடாரம் போல: சரீரம் வெளிப்பிராகாரம், ஆத்துமா பரிசுத்த ஸ்தலம், ஆவி மகா பரிசுத்த ஸ்தலம். சிந்தையும் உணர்ச்சியும் ஆத்துமாவோடு சரி, தேவனோடு பேசுவது ஆவி மாத்திரம். பலகையில் மூன்று வட்டம் போட்டு ஞாயிறு பள்ளியில் நானும் இதை நடத்தியவன்தான்.

இரண்டு சொல்லும் ஒன்றே என்று நான் வாதாட வரவில்லை. எபிரெயுவில் ஆத்துமாவுக்கு நெபெஷ். அதற்குத் தொண்டை என்றும் பொருள் உண்டு. பசிப்பதும் தவிப்பதும் அது. ஆவிக்கு ரூவாக், காற்று, மூச்சு. இட்லிப் பானையில் எழும்புவதையும் ஆவி என்கிற நமக்கு இது எளிதில் பிடிபடும். ஆனால் ஆதியாகமம் 2:7-இல் மனுஷனை 'ஜீவாத்துமா' என்று சொல்லும் அதே எபிரெயுச் சொற்கள்தான் 1:20-இல் மீன்களுக்கும். தமிழில் அங்கே 'ஜீவஜந்துக்கள்' என்று வந்துவிட்டதால் நம் கண்ணில் படுவதில்லை. பிரசங்கி 3:21-லோ மிருகத்துக்கும் ஆவி உண்டு. உங்கள் மூன்று வட்டத்தில் எங்கள் வீட்டு ஆட்டை எங்கே கட்டுவது?

1 தெசலோனிக்கேயர் 5:23-ஐக் காட்டுவீர்கள். ஆவி, ஆத்துமா, சரீரம் என்று வரிசையாகத்தான் இருக்கிறது. மாற்கு 12:30-இலும் இருதயம், ஆத்துமா, மனது, பலம் என்று வரிசை இருக்கிறதே, அதற்காக யாரும் நாலு வட்டம் போடுவதில்லை. எபிரெயர் 4:12-இல் ஆத்துமாவையும் ஆவியையும் பிரிக்கக் குத்துகிறது, பட்டயத்திலும் கருக்கான தேவனுடைய வார்த்தை. பட்டயத்தை நம் கையில் யார் கொடுத்தது?

நான் மாட்டிக்கொண்ட இடம் யோவான் சுவிசேஷம். 12:27-இல் இயேசு "என் ஆத்துமா கலங்குகிறது" என்கிறார். அடுத்த அதிகாரம் 21-ஆம் வசனத்தில் "ஆவியிலே கலங்கி" நிற்கிறார். கிரேக்கத்தில் இரண்டு இடத்திலும் கலக்கத்துக்கு ஒரே வினைச்சொல். மரித்துப்போன லாசருவின் ஊரில் அவன் சகோதரி மரியாள் அழுகிறதைக் கண்டபோதும், 11:33-இன்படி, அவர் கலங்கியது ஆவியிலேதான். துக்கம் ஆத்துமாவோடு நின்றுவிடும், ஆவியைத் தொடாது என்றால் இந்த வசனத்தை என்ன செய்வது, ஐயா? அன்றைக்கே பலகையை அழித்துவிட்டேன்.

அந்த வீட்டில் அடுத்த மாதம் நினைவு ஆராதனை. உங்களில் யார் வந்தாலும் யோவான் 11-ஆம் அதிகாரத்தை, இயேசு கண்ணீர் விட்ட 35-ஆம் வசனம் வரைக்குமாவது சத்தமாக வாசியுங்கள். அக்காவை முன்னறையில் உட்காரவைப்பது என் பொறுப்பு.

இப்படிக்கு,
ஒரு ஞாயிறு பள்ளி ஆசிரியன்