கொழிஞ்சி களை அல்ல

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செடியைப் பச்சையாக வயலிலேயே மடக்கி உழுது உரமாக்கும் பசுந்தாள் உரம் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தக்கைப்பூண்டையும் சணப்பையும் பற்றி விரிவாக எழுதியவர், அதேபோல உரமாகிற கொழிஞ்சிச் செடியை ஒரு வரிகூடச் சொல்லாமல் விட்டது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது.

ஒரத்தநாடு பக்கம் எங்கள் நிலம் மணற்பாங்கானது, சம்பா ஒருபோகம்தான். அறுவடை முடிந்த ஈரத்தில், முந்தின வருஷம் உதிர்ந்த விதையிலிருந்து கொழிஞ்சி தானாக முளைத்துவிடும். சித்திரை வெயிலில் திடல் புல்லெல்லாம் கருகிக் கிடக்க, இது மட்டும் முழங்கால் உயரத்தில், ஊதாவும் ரோஸும் கலந்து பொடிப்பொடியாய்ப் பூத்து நிற்கும். தண்ணீர் கட்ட வேண்டாம். ஆடு மாடு விரும்பிக் கடிக்காது, அதனால் வேலியும் வேண்டாம். 2024-இல் மேட்டூர் அணையை ஜூலை 28-இல்தான் திறந்தார்கள். அதுவரை எங்கள் வயலில் பச்சையாக இருந்தது கொழிஞ்சி ஒன்றுதான். தண்ணீர் வந்ததும் மடக்கி உழுதோம்.

ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள், லேசில் வராது. வேரில் கடுகுபோல் முடிச்சுகள் இருக்கும். நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. காற்றிலுள்ள தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, செடிக்குப் பிடித்துத் தருவது அந்த முடிச்சுதான். இலை நுனியைப் பிடித்து இழுத்தால் நேராகக் கிழியாது, மீன்வால்போலப் பிளந்து வரும். சின்ன வயதில் எங்களுக்கு அது பெரிய விளையாட்டு.

புதிதாக விதைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். விதைத்தோல் கெட்டியானது, அப்படியே தெளித்தால் பாதி முளைக்காது. எங்கள் அப்பாயி ஆற்றுமணலைக் கலந்து உரலில் போட்டு லேசாக இடிப்பார். விதை நொறுங்கக் கூடாது, தோல் உராய்ந்தால் போதும்.

போன வைகாசியில் வாய்க்கால் கரையைச் சுத்தம் செய்ய வந்தவர்கள் களைக்கொல்லி அடித்துவிட்டார்கள். காய் முற்றுகிற சமயம். ஓடிப்போய்க் கேட்டால், "களைதானேங்க" என்றார்கள். நான் விதை எடுக்க வைத்திருந்த கரை முழுக்க இரண்டே நாளில் மஞ்சளாகிப் போனது. கடைகளில் கேட்டேன், தக்கைப்பூண்டு விதைதான் இருந்தது.

கரையில் மருந்து அடிப்பதை நிறுத்தி, அரிவாளால் அறுக்கச் சொல்லுங்கள். அதுவும் காய் முற்றிய பிறகு. வேளாண் விரிவாக்க மையங்களில் தக்கைப்பூண்டோடு கொழிஞ்சி விதையும் கிடைக்க வழி செய்ய வேண்டும் என்று தங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
ஒரத்தநாடு வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.